‘காக்கா முட்டை’க்கு அப்புறம்: ஒரு சின்னப் படம் தன் நடிகர்களை எங்கே கொண்டுபோய் விட்டது

பீட்சா சாப்பிட ஆசைப்படும் குப்பத்து அண்ணன் தம்பியின் கதையான ‘காக்கா முட்டை’ 2015 ஜூன் 5 அன்று திரைக்கு வந்தது. அதில் அம்மாவாக நடித்தவர் 2025 பொங்கலுக்குத் தெலுங்கில் வெங்கடேஷுக்கு ஜோடி. அந்தக் குப்பத்தில் திரியும் இரண்டு வெட்டிப் பையன்களாக வந்தவர்களில் ஒருவர், தமிழில் மாதம் ஒரு படத்திலாவது முகம் காட்டும் நகைச்சுவை நடிகர் ஆகிவிட்டார். இன்னொருவர் அலட்டிக்கொள்ளாமல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கிறார். படத்தைத் தோளில் சுமந்த அந்த இரண்டு சிறுவர்கள் தேசிய விருதே வாங்கினார்கள். ஆனால் அந்த அளவுக்குப் பேசப்பட்ட இன்னொரு படம் அவர்களுக்கு அமையவில்லை.

எல்லோருக்கும் ஒரே இயக்குநர், ஒரே பாராட்டு. இருந்தும் பாதைகள் இவ்வளவு விலகிப்போனதை ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. படத்துக்கு முன்பே ஒவ்வொருவரின் கையிலும் என்ன இருந்தது, அவர்களை மாதிரி ஆளுக்குக் கோடம்பாக்கத்தில் காலி இடம் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்குள் பெரும்பாலான பதில் அடங்கிவிடுகிறது.

இதைச் சுயாதீனப் படம், அதாவது பெரிய கைகளின் துணையில்லாமல் எடுத்த படம், என்று சொல்லலாமா என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். தயாரித்தவர்கள் தனுஷும் வெற்றிமாறனும், வெளியீட்டில் ஃபாக்ஸ் ஸ்டார் என்ற பெரிய நிறுவனம் இருந்தது, சிம்பு சிம்புவாகவே வந்துபோகிறார். நியாயமான கேள்விதான். ஆனால் இயக்குநர் மணிகண்டனுக்கு அது முதல் படம், கேமராவும் அவரே. நாயகன் இல்லை, சண்டை இல்லை, முதலில் விழாவுக்குப் போய்விட்டுத்தான் தியேட்டருக்கு வந்தது. தமிழில் ‘இண்டி’ என்று சொல்லப்படும் படங்களில் கணிசமானவை இப்படித்தான் உருவாகின்றன: பெரிய பெயர் ஒன்று பின்னால் நின்று பணத்துக்கும் வெளியீட்டுக்கும் பொறுப்பேற்கும், முன்னால் தெரியாத முகங்கள் நடிக்கும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’க்கு விஜய் சேதுபதி நின்றார், ‘கூழாங்கல்’லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் நின்றார்கள்.

படம் வராத மாதங்கள்

‘காக்கா முட்டை’ டொரோண்டோ விழாவில் முதலில் காட்டப்பட்டது 2014 செப்டம்பரில். தேசிய விருது அறிவிப்பு 2015 மார்ச்சில். தியேட்டர் ஜூனில். ஆக மொத்தம் ஒன்பது மாதம். செழியனின் ‘டுலெட்’ 2017 நவம்பரில் கொல்கத்தா விழாவில் திரையிடப்பட்டு 2019 பிப்ரவரியில் வெளியானது. அது பதினைந்து மாதம். ‘கூழாங்கல்’ 2021 தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது வாங்கியது, ஓடிடியில் பொதுமக்கள் கண்ணில் பட்டது 2023 அக்டோபரில்.

இந்த இடைவெளிக்குக் காரணம் தயாரிப்பாளரின் சோம்பல் அல்ல. முக்கியமான விழாக்கள் தங்கள் திரையில்தான் படம் முதலில் ஓட வேண்டும் என்று கேட்கும். அதனால் உள்ளூர் வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும். விழாச் சுற்று முடிந்த பிறகு தணிக்கை, சேட்டிலைட் (டிவி ஒளிபரப்பு உரிமை) விலை, ஓடிடி பேச்சு, பெரிய படங்கள் இல்லாத வெள்ளிக்கிழமை என்று ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டும்.

இயக்குநருக்கு இந்தக் காலம் நஷ்டமில்லை. விழாவுக்குப் போவார், பேட்டி கொடுப்பார், அடுத்த கதைக்குத் தயாரிப்பாளர் பிடிப்பார். நடிகர் நிலை வேறு. வெளிவராத படத்தின் காட்சியைப் பொதுவாக வெளியே காட்ட முடியாது, ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். அடுத்த ஆடிஷனில் ‘என்ன பண்ணியிருக்கீங்க?’ என்று கேட்டால் கையில் இருப்பது நாலு ஸ்டில்லும் ஒரு விழாப் பெயரும்தான். வளசரவாக்கத்தில் அலுவலகம் போட்டிருக்கும் மேனேஜருக்கு ராட்டர்டாம் எங்கே இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. தியேட்டரில் கைதட்டல் விழுந்ததா என்பதுதான் அவர் கணக்கு. இந்த மாதங்களை வேறு வேலையால் ஓட்ட முடிந்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள். ‘காக்கா முட்டை’யின் வெட்டிப் பையன்களான யோகி பாபுவும் ரமேஷ் திலக்கும் அந்த ஒன்பது மாதத்தில் வேறு செட்டுகளில் இருந்தார்கள்.

அம்மா வேடம் என்ற ஆபத்து

அம்மாவாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷ் ‘காக்கா முட்டை’யில் அறிமுகமானவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதற்கு முன்பே சன் டிவியில் ‘அசத்தப் போவது யாரு’ தொகுத்தவர், கலைஞர் டிவியின் ‘மானாட மயிலாட’ மூன்றாம் சீசனில் ஜெயித்தவர். 2012இல் ‘அட்டகத்தி’யில் சின்ன வேடம், 2014 தொடக்கத்தில் ‘ரம்மி’, ‘பண்ணையாரும் பத்மினியும்’. அதாவது கேமரா பயம் போய், யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரிந்து, ஆனால் இன்னும் ‘அந்தப் பொண்ணு’வாகவே இருந்தவர்.

இருபதுகளின் நடுவில் உள்ள நடிகை, பத்து வயதை ஒட்டிய இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடிப்பது தமிழ் சினிமா வழக்கப்படி தற்கொலைக்குச் சமம். அம்மா வேடம் ஒருமுறை போட்டால் அடுத்து வரும் பத்து அழைப்பும் அக்கா, அண்ணி, அம்மா என்றே வரும். சம்பளம் ஏறாது, போஸ்டரில் முகம் வராது. அவருக்கு அது நடக்காமல் போனதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, நாயகன் இல்லாத படம். கணவன் சிறையில் இருக்கிறான், வீட்டின் மொத்தப் பாரமும் அவள் தலையில். அதனால் அவர் யாருக்கோ அம்மாவாக ஓரத்தில் நிற்கவில்லை, கதையின் நடுவில் நின்றார். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது: படத்தைத் தயாரித்த இருவரே அவரை அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போனார்கள். 2018இல் வெளிவந்த ‘வடசென்னை’க்கு இயக்குநர் வெற்றிமாறன், நாயகன் தனுஷ், பத்மா ஐஸ்வர்யா. நடிப்பைத் திரையில் பார்த்தவர்களைவிட எடிட்டிங் மேஜையில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இருந்தும் ‘கனா’வில் தனி நாயகியாக நிற்க 2018 டிசம்பர் ஆகிவிட்டது. மூன்றரை வருஷம். நடுவில் மணிகண்டனின் ‘குற்றமே தண்டனை’, ‘தர்மதுரை’, மலையாளத்தில் ‘ஜோமோன்டே சுவிசேஷங்கள்’, இந்தியில் ‘டாடி’ என்று கிடைத்த மொழியில் எல்லாம் கால் வைத்திருக்கிறார். ‘காக்கா முட்டை’க்காகத் தமிழக அரசின் 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகை விருது அவருக்குத்தான். அறிவித்தது 2017இல், மேடையில் கையில் கொடுத்தது 2022இல்! விருதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், 2025இல் அவருக்குத் தெலுங்கில் பெரிய வெற்றியைத் தந்த ‘சங்கராந்திகி வஸ்துன்னாம்’ படத்திலும் அவர் பிள்ளை பெற்ற மனைவிதான். பத்து வருஷத்துக்கு முன் பயமுறுத்திய அதே வேடம்.

இரண்டு நண்பர்கள், இரண்டு வழிகள்

யோகி பாபுவும் ரமேஷ் திலக்கும் ‘காக்கா முட்டை’யில் பெரும்பாலும் ஒரே ஃப்ரேமில் வருகிறார்கள். ஏறக்குறைய ஒரே நீளமுள்ள வேடம்.

பாபு வந்தது விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’ வழியாக. 2009இல் வந்த ‘யோகி’ பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இந்தப் பழக்கம் தமிழில் பழசு: வெண்ணிற ஆடை மூர்த்தி, நிழல்கள் ரவி, தலைவாசல் விஜய், ஜெயம் ரவி. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் படத்தின் பெயர்தான் இனிஷியல். அந்தப் படம் ஓடியதா இல்லையா என்பது பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் தயாரிப்பு மேனேஜரின் போனில் அந்தப் பெயர் ஏறிவிட்டால் போதும்.

அவருக்குச் சாதகமாக இருந்தது காலி இடம். 2011க்குப் பிறகு வடிவேலு நீண்ட காலம் படங்களில் தென்படவில்லை. சந்தானம் நாயகனாக நகர்ந்தார். மாஸ் படங்களுக்கு நாயகனுக்குப் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் அவசரமாகத் தேவைப்பட்டது. உருவத்தைப் பார்த்த உடனே சிரிப்பு வரும் நடிகருக்கு இரண்டு மூன்று நாள் கால்ஷீட்டில் பத்துக் காட்சிகளை எடுத்துமுடிக்கலாம், கதைக்குள் ஆழமாக நுழைக்க வேண்டியதில்லை. இப்படி நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் நடிகருக்கு வருஷத்தில் படங்களின் எண்ணிக்கை தாறுமாறாக ஏறும். அதே வேகத்தில் வேடங்கள் ஒன்றை ஒன்று நகலெடுக்கவும் தொடங்கும். அவர் விஷயத்தில் அதிலிருந்து வெளியே இழுத்தவை மறுபடியும் சின்னப் படங்கள்தான்: மணிகண்டனின் ‘ஆண்டவன் கட்டளை’, பிறகு 2021இல் ‘மண்டேலா’. உருவக் கேலியை நம்பாமல் அவரை நடிக்கவிட்ட படங்கள் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் இவை இரண்டும் வரும்.

ரமேஷ் திலக் சூரியன் எஃப்எம்மில் ஆர்ஜே. 2013இல் ‘சூது கவ்வும்’, ‘நேரம்’ இரண்டும் அடுத்தடுத்து வந்தன. ‘நேரம்’ தமிழிலும் மலையாளத்திலும் எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும், கொச்சிக்கு அவர் முகம் அப்போதே தெரியும். அவர் சிரிப்பு நடிகரும் அல்ல, வில்லனும் அல்ல, நாயகனின் நண்பனாக மட்டும் இருக்கச் சம்மதிப்பவரும் அல்ல. தமிழில் அந்த நடுத்தர இடத்துக்குப் பெயரே கிடையாது. மலையாளத்தில் அப்படிப்பட்ட வேடங்கள் எழுதப்படுகின்றன. 2019இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்தில் முருகனாக அவர் வரும் நேரம் குறைவு, ஆனால் கதையின் திருப்பமே அவர்தான்.

சிறுவர்கள்

விக்னேஷ், ரமேஷ் இருவருக்கும் 62ஆவது தேசிய விருதுகளில் சிறந்த குழந்தை நட்சத்திரம் விருது பகிர்ந்து கிடைத்தது. பெரியவன் வேடம் போட்ட விக்னேஷை அடுத்த ஆண்டு சமுத்திரக்கனியின் ‘அப்பா’வில் பார்த்தோம். டைட்டிலிலும் பேச்சிலும் அவர் பெயருக்கு முன் ‘காக்கா முட்டை’ ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வயதில் பாராட்டு வாங்கும் பையனுக்கு முன்னால் மூன்று நான்கு வருஷம் பள்ளம் இருக்கிறது. குரல் உடையும், உயரம் சட்டென்று ஏறும், மீசை அரும்பும். குழந்தை வேடத்துக்கு லாயக்கில்லை, கல்லூரி மாணவனாகவும் நம்ப முடியாது. பெரிய நட்சத்திரத்தின் சிறுவயது ஃப்ளாஷ்பேக்தான் அந்த வயதுப் பையன்களுக்குத் தமிழில் கிடைக்கும் வழக்கமான வேலை, அதற்கும் நட்சத்திரத்தின் ஜாடை வேண்டும். சினிமா குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் பள்ளத்தை நடன வகுப்பு, சிலம்பம், நடிப்புப் பயிற்சி என்று கடக்கிறார்கள். மற்ற பிள்ளைகளின் வீட்டில் அதற்கு வசதி இருக்காது.

பள்ளத்தை மொத்தமாகத் தாண்டிய ஒரே கூட்டம் ‘பசங்க’ பையன்கள். 2009இல் அதில் நடித்த கிஷோர், ஸ்ரீராம், பாண்டி, முருகேஷ் நால்வரையும் வைத்தே விஜய் மில்டன் 2014இல் ‘கோலி சோடா’ எடுத்தார். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் விடலைப் பையன்களின் கதை, அதாவது அவர்கள் அப்போது இருந்த வயதுக்கே எழுதப்பட்ட கதை. யாராவது அப்படி உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. தானாக வராது.

சிறுவர்களை நடிக்கவைப்பது பற்றிய சட்டம் ‘காக்கா முட்டை’க்குப் பிறகு கொஞ்சம் இறுகியது. 2016 திருத்தத்தைத் தொடர்ந்து 2017இல் வந்த குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, சிறுவரை நடிக்கவைக்கத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் படிவம் ‘சி’யில் உறுதிமொழி தந்து அனுமதி வாங்க வேண்டும், அது ஆறு மாதம்தான் செல்லும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாகப் போக வேண்டும், 18 வயது ஆனதும் அவர்கள் கைக்கு வரும்.

நடைமுறையில் இடிப்பது இந்த இடத்தில்: 5 மணி நேரம் என்றால் மேக்கப், லைட்டிங், காத்திருப்பு எல்லாம் சேர்த்து. 30 நாளில் முடிய வேண்டிய படம் 45 நாள் இழுக்கும். சின்னப் படத்துக்கு அந்தப் பதினைந்து நாள்தான் மொத்த லாபமும். அனுமதி வாங்காமல் எடுத்துவிடலாம் என்ற சபலம் அங்கேதான் பிறக்கிறது. கணக்கில் வராத சம்பளத்துக்கு 20 சதவீதம் ஏது?

ஒரே படத்தோடு நின்றவர்கள்

பாட்டியாக வந்த சாந்தி மணி தோசைமாவில் பீட்சா சுட்டுத் தரும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட முகங்களைச் சின்னப் படங்கள் மட்டும்தான் தேடுகின்றன, அடுத்த படத்தில் இன்னொரு புது முகத்தைத் தேடிப் போய்விடுகின்றன.

இதன் உச்சம் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர்க்காரர், எண்பது வயதைத் தாண்டிய நிஜ விவசாயி. 2022 பிப்ரவரியில் படம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 69ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு அவர் பெயருக்குக் கிடைத்தது.

நடிகர் அல்லாதவரை வைத்து எடுக்கும் முறையே வேறு. முழுக் காட்சியை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டார்கள். கேமரா ஓட ஓட, இயக்குநர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பார், அவர் தன் வாய்மொழியில் திருப்பிச் சொல்வார், நடுவில் உள்ள குரலை எடிட்டில் வெட்டுவார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று காட்டத் தரையில் மார்க் கிடையாது, அவர் நிற்கும் இடத்துக்குக் கேமரா போகும். ஒலியில்தான் பெரிய சிக்கல். உதட்டசைவுக்கு ஏற்ப டப்பிங் பேசுவது தனித் திறமை. செய்து பழகாதவரை ஸ்டுடியோ மைக் முன்னால் நிறுத்தினால், படப்பிடிப்பில் இயல்பாக வந்த அதே வரி பள்ளிக்கூட வாசிப்பு மாதிரி வரும். அதனால் ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அப்படியென்றால் ஜெனரேட்டரைத் தூரத் தள்ளி, பக்கத்து வயலில் மோட்டாரை நிறுத்தி, வேடிக்கை பார்க்கும் ஊரையே வாய்மூடச் செய்ய வேண்டும். அது முடியாமல் வேறொருவர் குரலைப் போட்டால் பாதி நடிப்பு போயிற்று.

இப்படி எடுக்கப்பட்டவரை வழக்கமான செட்டுக்கு அழைத்தால் என்ன ஆகும் என்பது சுலபமாகப் புரியும். இரண்டு பக்க வசனம், தரையில் டேப், லைட்டுக்குள் முகம், மதியத்துக்குள் காட்சி முடிய வேண்டும். முதல் படத்தில் பிரமாதம் செய்தவர் இங்கே திணறுவார். ‘அந்தப் படத்தில் மட்டும் எப்படியோ வந்துவிட்டது’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தவறு அவரிடம் இல்லை, அந்த நடிப்பைச் சாத்தியமாக்கிய முறை இங்கே இல்லை.

இதற்கு நேர் எதிர்த் துருவம் நாடகக்காரர்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் தயாரானவர் குரு சோமசுந்தரம். 2011இல் ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் தோற்றுப்போன ஜமீனாக, சேவல் சண்டைக்கு மகனோடு வந்து நிற்கும் காளையன் அவர். படம் விருது வாங்கியது, தியேட்டரில் ஓடவில்லை. ‘ஜோக்கர்’ நாயகனாக 2016, கேரளமே கொண்டாடிய ‘மின்னல் முரளி’ வில்லனாக 2021. பத்து வருஷம் காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், எந்தச் செட்டிலும் எந்த மொழியிலும் திருப்பிச் செய்யக்கூடிய பயிற்சி. ‘காக்கா முட்டை’யிலேயே நடித்த பாபு ஆண்டனி போலப் பழைய நட்சத்திரத்துக்கோ, ‘கும்கி’யில் ஊர்த்தலைவராக வந்து இதிலும் நடித்த ஜோ மல்லூரி போல மேடையும் கவிதையும் கைவசம் உள்ளவருக்கோ அது இன்னொரு படம், அவ்வளவே. அதில் தவறொன்றும் இல்லை.

காசு

சின்னப் படத்தில் சம்பளம் பெரும்பாலும் மொத்தத் தொகை: அட்வான்ஸ் கொஞ்சம், படப்பிடிப்பின் நடுவில் கொஞ்சம், மீதி டப்பிங்குக்கு முன்னால். அந்தக் கடைசித் தவணைதான் நடிகர் கையில் உள்ள ஒரே பிடி, அதனால்தான் அனுபவசாலிகள் பாக்கி வராமல் டப்பிங் தியேட்டருக்குள் நுழைவதில்லை. ஸ்பாட் ஒலிப்பதிவில் எடுக்கும் படத்தில் இந்தப் பிடி இருக்காது. குரல் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. எனவே அத்தகைய படத்துக்குக் கையெழுத்துப் போடும்போது கடைசித் தவணையைக் கடைசி நாள் படப்பிடிப்போடு கட்டிவிட வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு எடுக்கும் ‘பேட்ச் வொர்க்’ எத்தனை நாள், அதற்குத் தனிச் சம்பளமா, அதுவரை தாடியை எடுக்கக் கூடாதா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தாடிக்காக இரண்டு மாதம் காத்திருந்து இன்னொரு படத்தை இழந்தவர்கள் ஏராளம்.

வெளிநாட்டு விழா, ஓடிடி விற்பனை, ரீமேக் எதிலும் நடிகருக்குப் பங்கு வருவது அபூர்வம். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 38-ஏ பிரிவு, நடிப்பு வணிக நோக்கில் பயன்படுத்தப்பட்டால் நடிகருக்கு ராயல்டி உரிமை உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு அதைக் கேட்டு யாரும் நீதிமன்றப் படி ஏறுவதாகத் தெரியவில்லை.

ஆகவே விருதும் பங்கும் கைகொடுக்காத இடத்தில், சின்னப் பட நடிகர்களுக்கு உருப்படியாக வேலை தருவது அந்தச் சின்னப் பட வட்டமேதான். ‘டுலெட்’டில் வாடகை வீடு தேடி அலையும் மனைவியாக நடித்த ஷீலா ராஜ்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் தியேட்டருக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் ‘கும்பளங்கி நைட்ஸ்’ வந்துவிட்டது. அதில் முருகனின் மனைவி சதி அவர், அதாவது ரமேஷ் திலக்குக்கு ஜோடி. இரண்டு வருஷம் கழித்து ‘மண்டேலா’வில் தபால் அலுவலகத்தில் இருந்துகொண்டு, பெயரே இல்லாத நாவிதருக்கு அடையாள அட்டை வாங்கித் தரும் பெண்ணாகவும் அவரே வந்தார். நாவிதர் யோகி பாபு.